இத்தாலி மலையில் தனி வீடு எடுக்கிறீர்களா? முதலில் கடைசி இரண்டு கிலோமீட்டரைப் பற்றிக் கேளுங்கள்

இத்தாலியில் மலைமேல் ஒரு பழைய கல்வீட்டை ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துத் தங்கலாம் என்று நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது படங்களைத்தான். திராட்சைப் பந்தல், நீச்சல் குளம், தூரத்தில் நீலமாக ஒரு மலை. நானும் அப்படித்தான் தேர்ந்தெடுத்தேன். இரண்டு முறை குடும்பத்தோடு போய்த் தங்கி வந்த பிறகு சொல்கிறேன், வீடு எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன் அந்த வீட்டுக்குப் போகும் கடைசி இரண்டு கிலோமீட்டர் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பாதை, கரண்ட், தண்ணீர், குளிருக்கு ஹீட்டர், இந்த நான்கும் சரியாக அமைந்தால் படத்தில் சுமாராகத் தெரியும் வீட்டில்கூட நிம்மதியாக இருக்கலாம். இவற்றில் ஒன்று சரியில்லை என்றாலும் எவ்வளவு அழகான வீடாக இருந்தாலும் மூன்றாம் நாளே எப்போது கிளம்பலாம் என்று தோன்றும்.

முதல் முறை நாங்கள் போனது ஓர் அக்டோபர் மாதம், கார்ஃபஞ்ஞானா என்ற மலைப்பகுதிக்கு. டஸ்கனியின் வடக்கு ஓரம் அது. லுக்கா நகரத்திலிருந்து செர்க்கியோ ஆற்றை ஒட்டியே ஏறினால் ஒரு பக்கம் அபுவான் ஆல்ப்ஸ், மறுபக்கம் அப்பெனைன் மலைத்தொடர், நடுவில் செஸ்ட்நட் காடும் கல்லால் கட்டிய சின்னச் சின்ன கிராமங்களும். பீசா விமான நிலையத்தில் காரை வாங்கவே நேரமாகிவிட்டதால் மலை ஏறும்போது இரவு ஒன்பதரை. வீட்டு முகவரியில் தெருப்பெயரே கிடையாது, ‘லொகாலிதா’ என்று போட்டு ஓர் இடப்பெயர் மட்டும்தான் இருந்தது. போன் மேப் அந்தப் பெயரை நம்பி எங்களை மரம் வெட்டுகிறவர்கள் லாரி ஓட்டும் காட்டுப் பாதையில் இறக்கிவிட்டது, கொஞ்ச தூரத்தில் காரின் அடிப்பாகம் கல்லில் உரசும் சத்தம், போனில் சிக்னல் இல்லை, திரும்ப இடமில்லை. நான் டார்ச்சோடு பின்னால் நடந்து வழிகாட்ட, என் கணவர் நானூறு மீட்டர் பின்னோக்கியே ஓட்டி வந்தார். பின் சீட்டில் அம்மா இரண்டு குழந்தைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “மெதுவா, கண்ணு, மெதுவா” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் கீழே கிராமத்தில் ஒரு விவசாயி தன் பழைய பாண்டா காரை முன்னால் ஓட்டிக்கொண்டு போய் வீட்டு வாசலில் விட்டார்.

வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. “ரோடு நன்றாக இருக்கும்” என்றுதான் எழுதியிருந்தார், தினமும் அதில் போகிறவருக்கு அது நல்ல ரோடுதான். நாம்தான் கேள்வியைச் சரியாகக் கேட்க வேண்டும்.

எப்படிக் கேட்பது? “பாதை எப்படி?” என்று கேட்காதீர்கள். தார் ரோடு எங்கே முடிகிறது, அதற்கப்புறம் மண்பாதை எத்தனை கிலோமீட்டர், எதிரே ஒரு வண்டி வந்தால் ஒதுங்க இடம் இருக்கிறதா, மழை பெய்த மறுநாள் சாதாரண சின்னக் கார் ஏறுமா, காரை வாசல் வரை கொண்டுபோகலாமா இல்லை பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டுமா, இப்படிக் கேளுங்கள். ஜல்லி போட்ட வெள்ளை மண்பாதையை அங்கே ‘ஸ்த்ராதா பியாங்கா’ என்பார்கள். டஸ்கனியில் இது சர்வ சாதாரணம், பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் சமதளத்தில் இருக்கும் ஸ்த்ராதா பியாங்கா வேறு, மலைச்சரிவில் மழைநீர் அரித்துப் போனது வேறு. அப்புறம் முகவரிக்குப் பதிலாக அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை வாங்கி மேப்பில் போட்டு, அந்தப் பகுதியின் மேப்பைப் போனில் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். விமானம் மாலையில்தான் இறங்கும் என்றால் முதல் இரவு லுக்காவிலோ பீசாவிலோ தங்கிவிட்டு மறுநாள் காலையில் ஏறுவது எவ்வளவோ மேல்.

எந்த மலை?

தனிமைதான் வேண்டும் என்றால் டஸ்கனியின் பிரபலமான கியாந்தி, வால் டோர்ச்சா பக்கம் போகாதீர்கள் என்பது என் கருத்து. ஊர் அழகு, அதில் சந்தேகமே இல்லை, வால் டோர்ச்சா 2004லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. ஆனால் அது திறந்த குன்றுகள், சைப்ரஸ் வரிசை, ஒரு மேட்டில் நின்றால் அடுத்த மேட்டு வீட்டின் நீச்சல் குளம் தெரியும், சீசனில் வாடகையும் அதிகம். கார்ஃபஞ்ஞானா, அதற்கு வடக்கே லுனிஜானா, அரெஸ்ஸோவுக்கு மேலே காசென்தீனோ, உம்பிரியாவில் வால்நெரீனா, மார்க்கே பகுதியில் சிபில்லினி மலையடிவாரம், இங்கெல்லாம் காடு அடர்த்தி, கூட்டம் குறைவு. ஆனால் கார்ஃபஞ்ஞானாவில் மழை அதிகம், டஸ்கனியிலேயே நிறைய மழை பெய்யும் இடங்களில் ஒன்று, அதனால்தான் அவ்வளவு பச்சை. வெயில் காய்ந்துகொண்டு குளத்தில் கிடக்க வேண்டும் என்பவர்களுக்கு அது சரிவராது.

மே கடைசியிலிருந்து ஜூன் முடிய, இல்லையென்றால் செப்டம்பர், அக்டோபர் தொடக்கம், இந்த நாட்களில் போங்கள். ஆகஸ்டில் இத்தாலிக்காரர்களே மொத்தமாக விடுமுறையில் கிளம்பிவிடுவார்கள், ஆகஸ்ட் 15 ஃபெர்ரகோஸ்தோ பண்டிகையை ஒட்டிய வாரங்களில் நல்ல வீடு கிடைப்பதும் கஷ்டம், கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும். ஜூலை, ஆகஸ்டில் பல வீடுகளைச் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை என்று முழு வாரமாகத்தான் தருவார்கள்.

விளம்பரத்தில் வரும் சொற்களைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ‘போதெரே’ என்றால் நிலத்தோடு சேர்ந்த பண்ணை வீடு. ‘கசாலே’ பெரிய கிராமத்து வீடு. ‘ருஸ்திகோ’ என்பது எளிமையான பழைய கல்வீடு, சில சமயம் மிக எளிமை. ‘பொர்கோ’ என்று இருந்தால் அது ஒரு குக்கிராமம், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் ஒன்றுதான் உங்களுக்கு. ‘அக்ரிதுரிஸ்மோ’ சட்டப்படி ஒரு விவசாயி விவசாயத்துக்குத் துணையாக நடத்தும் தங்குமிடம், 2006ஆம் ஆண்டின் 96ஆம் எண் சட்டம் அதைத்தான் சொல்கிறது. பெரும்பாலும் அவர்கள் குடும்பமும் அதே தோட்டத்தில் இருக்கும், வேறு விருந்தாளிகளும் இருப்பார்கள். அது நல்லதுதான், முதல் முறை போகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன், உதவி என்றால் கூப்பிடும் தூரத்தில் ஆள் இருப்பார். ஆனால் தனி வீடு என்று நினைத்துப் போய் ஏமாறக் கூடாது. ‘காசா இந்திபெந்தென்தே’, அதாவது தனி வீடு, என்று போட்டிருந்தாலும் அடுத்த வீடு எத்தனை மீட்டரில் இருக்கிறது, வீட்டுக்காரர் எங்கே இருக்கிறார், முற்றமும் குளமும் நமக்கு மட்டுமா என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

பணம், பத்திரம், விசா

2025 ஜனவரி 1 முதல் இத்தாலியில் குறுகிய கால வாடகை வீடு ஒவ்வொன்றுக்கும் சின் என்ற தேசிய அடையாள எண் கட்டாயம். விளம்பரத்திலும் இருக்க வேண்டும், வீட்டு வாசலிலும் இருக்க வேண்டும். எண் இல்லாத விளம்பரத்துக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். நேரடியாகப் பேசினால் குறைத்துத் தருகிறேன் என்று சொல்லி முகம் தெரியாத ஒருவர் தனிக் கணக்குக்குப் பணம் கேட்டாலும் அப்படித்தான், விலகிவிடுங்கள்.

நேரடியாக எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்தில் முன்பணத்துக்கு என்ன சொல் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ‘கபார்ரா கொன்ஃபிர்மதோரியா’ என்று இருந்தால், நீங்கள் பின்வாங்கினால் அந்தப் பணம் போய்விடும், வீட்டுக்காரர் பின்வாங்கினால் இரண்டு மடங்காகத் திருப்பித் தர வேண்டும், இது அவர்கள் சிவில் சட்டத்தின் 1385ஆம் பிரிவு. ‘அக்கொந்தோ’ என்று இருந்தால் அது மொத்தத் தொகையில் ஒரு பகுதியை முன்கூட்டிக் கட்டியது, அவ்வளவுதான். ‘கௌத்சியோனே’ என்பது சேதத்துக்காகப் பிடித்து வைத்து கடைசியில் திருப்பித் தரும் தொகை. வாடகைக்கு மேல் துப்புரவுக் கட்டணம், படுக்கை விரிப்பு, ஹீட்டர், தலைக்கு இவ்வளவு என்று இரவுக் கணக்கில் ஊராட்சி வாங்கும் சுற்றுலா வரி, இவையெல்லாம் சேரும். சுற்றுலா வரியைப் பல இடங்களில் ரொக்கமாகக் கேட்பார்கள், சின்னக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் விலக்கு உண்டு. போனவுடன் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் கேட்டால் சந்தேகப்படாதீர்கள், தங்க வந்தவர்களின் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் போலீசுக்கு அனுப்புவது வீட்டுக்காரரின் கடமை.

இந்திய பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது தங்கும் இடத்துக்கு ஆதாரம் கேட்பார்கள், வீட்டுக்காரர் பெயர், முகவரி, தேதி, உங்கள் எல்லோர் பெயரும் இருக்கும் உறுதிக் கடிதத்தை வாங்கிவிடுங்கள். விசா வருவதற்குள் முழுப் பணமும் கட்டிவிடாமல், ரத்து செய்தால் திரும்பக் கிடைக்கும் தேதியைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

கார்

கார் இல்லாமல் தனி வீடு வேண்டாம். லுக்காவிலிருந்து அவுல்லா வரை செர்க்கியோ பள்ளத்தாக்கு வழியாக ரயில் ஓடுகிறது, பார்கா, காஸ்தெல்நுவோ என்ற ஊர்கள் எல்லாம் அந்தப் பாதையில்தான். ஆனால் ஸ்டேஷனிலிருந்து மலைக்கு மேலே எட்டு கிலோமீட்டர் யார் கொண்டுபோய் விடுவார்கள்? ரயிலில்தான் போவோம் என்றால் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் ஊருக்குள் வீடு பாருங்கள்.

நம் ஊர் லைசென்சோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளலாம். சின்னக் காராக எடுங்கள். பெரிய கார் சௌகரியம் என்று தோன்றும், ஆனால் மலைக் கிராமத்தின் சந்துகளில் இரண்டு பக்கமும் கண்ணாடியை மடக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும். ஆட்டோமேட்டிக் வேண்டும் என்றால் முன்பே சொல்லி வையுங்கள். பழைய நகரங்களுக்குள் ‘ஸோனா த்ராஃபிகோ லிமிதாதோ’ என்ற பலகை தெரிந்தால் உள்ளே போகாதீர்கள், கேமரா படம் எடுக்கும், அபராதம் மாதங்கள் கழித்து வாடகைக் கார் நிறுவனம் வழியாக வீடு தேடி வரும். நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை பல மலைச் சாலைகளில் குளிர்கால டயரோ பனிச் சங்கிலியோ காரில் இருக்க வேண்டும்.

கரண்ட் போனால்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது எல்லோருக்கும் நடக்கும். இத்தாலியில் சாதாரண வீட்டு மின் இணைப்பு 3 கிலோவாட். ஓவன், கெட்டில், வாஷிங் மெஷின் மூன்றும் ஒன்றாக ஓடினால் அவ்வளவுதான், மீட்டரே வெட்டிவிடும். எங்களுக்கு இரண்டாம் நாள் மாலையே நடந்தது. சமையலறையில் ஓவன், பக்கத்து அறையில் வாஷிங் மெஷின், அம்மா காபிக்குக் கெட்டிலைப் போட்டதும் வீடு முழுக்க இருட்டு. உள்ளே ‘சால்வாவீதா’ என்ற பாதுகாப்பு ஸ்விட்ச் இருக்கும் பெட்டியைத் திறந்து பார்த்தால் எல்லா ஸ்விட்ச்சும் மேலேயே இருக்கின்றன. அப்படி இருந்தால் விழுந்தது வெளியே இருக்கும் மீட்டர், ‘கொந்தாதோரே’ என்பார்கள். எங்கள் வீட்டு மீட்டர் வீட்டில் இல்லை. பாதை திரும்பும் இடத்தில், கல்சுவரில் ஒரு சின்ன மரக்கதவுக்குள், நூற்றைம்பது மீட்டர் கீழே இருந்தது. ஈரமான செஸ்ட்நட் இலைகள் மேல் வழுக்கிக்கொண்டே இறங்கி, கதவைத் திறந்து, கீழே விழுந்திருந்த மீட்டர் ஸ்விட்ச்சை மேலே தள்ளினால், நிமிர்ந்து பார்க்கும்போது மேலே வீட்டின் எல்லா ஜன்னல்களும் ஒரே நேரத்தில் மஞ்சளாக எரிந்தன. அந்தக் காட்சியை இன்னும் மறக்கவில்லை. ஆனால் மழை கொட்டும் இரவில் அது நடந்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

ஆகவே சாவி வாங்கும்போதே வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு நடந்து, சால்வாவீதா எங்கே, மீட்டர் எங்கே, தண்ணீர் மெயின் வால்வு எங்கே, கேஸ் வால்வு எங்கே என்று நான்கையும் கையால் தொட்டுப் பார்த்துவிடுங்கள், போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பேசும் மொழி புரியாவிட்டாலும் இதற்கு மொழி தேவையில்லை. தண்ணீர் ஊர்க்குழாயா, கிணறா என்று கேளுங்கள். கிணறு என்றால் பம்ப் கரண்டில் ஓடுவது, கரண்ட் போனால் தண்ணீரும் போகும், ஒரு பக்கெட்டில் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது. கழிவுநீர் தொட்டிக்குத்தான் போகும், டாய்லெட்டில் காகிதம் தவிர எதையும் போட வேண்டாம்.

குளிர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கல்வீடு அக்டோபரிலேயே உள்ளே சில்லென்று இருக்கும், தடிமனான சுவர் சூடாக ஒரு நாள் முழுக்கப் பிடிக்கும். போகும் முன் தினமே ஹீட்டரைப் போட்டு வைக்கச் சொல்லுங்கள். இத்தாலியில் ஹீட்டர் எப்போது போடலாம் என்பதற்கே தட்பவெப்ப மண்டலம் வாரியாகத் தேதி உண்டு, பல மலை ஊர்கள் வரும் ‘ஈ’ மண்டலத்தில் அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 15 வரை. அதனால் செப்டம்பர் கடைசியில் போகிறவர்கள் விறகு அடுப்பு இருக்கிறதா, விறகு வாடகையில் சேர்த்தியா என்று கேட்க வேண்டும். தோட்டத்தில் புதைத்த தொட்டியிலிருந்து வரும் கேஸில் ஹீட்டர் ஓடினால் ஓடியதற்குத் தக்கபடி காசு. வந்த நாளும் கிளம்பும் நாளும் கேஸ் மீட்டரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் படம் எடுக்காமல் விட்டதால் வீட்டுக்காரர் சொன்ன தொகையைக் கொடுத்துவிட்டு வர வேண்டியதாயிற்று.

சாப்பாடு

ஞாயிறும், தினமும் மதியம் ஒரு மணியிலிருந்து நான்கு வரையும் கிராமத்துக் கடைகள் மூடியிருக்கும், இதை மனதில் வைத்து வாங்குங்கள். மலை ஏறும் முன் கீழே உள்ள சூப்பர் மார்க்கெட்டில் மூன்று நாளுக்கு வாங்கிவிட வேண்டும். காஸ்தெல்நுவோவில் வியாழக்கிழமை சந்தை, பெக்கொரீனோ சீஸ், காளான், செஸ்ட்நட் மாவு எல்லாம் அங்கே வாங்கலாம்.

இந்தியாவிலிருந்து நேரே போகிறவர்கள் நெய், பால்கோவா, கறி வகைகளைப் பெட்டியில் வைக்காதீர்கள், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் பால், இறைச்சிப் பொருட்கள் கொண்டுவரத் தடை. பச்சைக் கறிவேப்பிலையும் சான்றிதழ் இல்லாமல் போகாது. தேங்காய்க்கு மட்டும் விலக்கு உண்டு, வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, துரியனோடு சேர்த்து. பொடி, புளி, கடுகு, பெருங்காயம், காய்ந்த மிளகாய் இருந்தால் போதும். பாசுமதி அங்கேயே கிடைக்கும்.

கார்ஃபஞ்ஞானாவின் பெயர் போன தானியம் ஃபார்ரோ, 1996லிருந்து ஐரோப்பியப் புவிசார் குறியீடு பெற்றது. அம்மா சந்தையில் அதை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துவிட்டு, “இது நம்ம சம்பா கோதுமை” என்றார். விசாரித்தால் உண்மையிலேயே ஒரே இனம்தான். இரவே ஊறவைத்து, காலையில் குழைய வேகவைத்து, அந்த ஊர் ஆலிவ் எண்ணெயில் மிளகும் சீரகமும் இஞ்சியும் தாளித்துக் கொட்டினார். வீட்டுக்காரரின் தாயார் அந்த வாசனைக்கே கதவு வரை வந்து எட்டிப் பார்த்து, ஒரு கிண்ணம் வாங்கிப் போனார்.

இரவும் காடும்

முதல் இரவு தூக்கம் வராது. காட்டுப்பன்றி வேலியோரம் மண்ணைக் கிளறும் சத்தம், ஆந்தை, கூரையில் ஏதோ ஓடும் சத்தம், எல்லாம் கேட்கும். பன்றி வீட்டுக்குள் வராது, குப்பையை மட்டும் வெளியே வைக்காதீர்கள். சுவரிடுக்கில் சின்னக் கறுப்புத் தேள் இருக்கலாம், கொட்டினால் குளவி கொட்டியது போல வலிக்கும், அவ்வளவுதான், ஆனாலும் காலையில் ஷூவை உதறிப் போடுங்கள்.

செப்டம்பர் மூன்றாம் ஞாயிறிலிருந்து ஜனவரி 31 வரை வேட்டைக் காலம். வேலி போடாத தனியார் நிலத்துக்குள்ளும் வேட்டைக்காரர்கள் வர அங்கே சட்டம் இடம் தருகிறது. செவ்வாயும் வெள்ளியும் நாடு முழுக்க வேட்டைக்கு விடுமுறை, காட்டு நடையை அந்த இரண்டு நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாளில் போனால் பளிச்சென்ற நிறச் சட்டை போடுங்கள், குழந்தைகளுக்குக் கட்டாயம். காளான் கண்ணில் பட்டாலும் பறிக்காதீர்கள், அதற்குக் காசு கட்டி அனுமதி வாங்க வேண்டும்.

அவசரத்துக்கு 112. முகவரி சொல்லிப் புரியவைக்க முடியாது என்பதால் அந்த அட்சரேகை எண்களைக் காகிதத்தில் பெரிதாக எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள், குழந்தைகளுக்கும் காட்டி வையுங்கள். போனில் எந்த மூலையில் சிக்னல் கிடைக்கிறது என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். எங்கள் முதல் வீட்டில் அது துணி காயப்போடும் கம்பிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு இடம்.

இரண்டாம் முறை ஜூன் மாதம் போனோம். மேலே சொன்ன கேள்வி அத்தனையும் கேட்டு எடுத்த வீடு, தார் ரோடு முடிந்து அறுநூறு மீட்டர்தான் மண்பாதை, மாலை ஐந்து மணிக்கே போய்ச் சேர்ந்துவிட்டோம். இரவு சாப்பிட்டு முற்றத்து விளக்கை அணைத்ததும் கீழே புல்வெளி முழுக்க மின்மினி. சின்னவள் படியில் உட்கார்ந்து எண்ணத் தொடங்கி, நூறைத் தாண்டும்போது அம்மாவின் மடியில் தூங்கிப்போனாள். மே கடைசியிலிருந்து ஜூன் பாதி வரை போகிறவர்கள் வெளி விளக்கை எப்படி அணைப்பது என்றும் வீட்டுக்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், சில வீடுகளில் அது தானாக எரிகிற விளக்காக இருக்கும்.